செய்தி பெற்றவரின் நிலை

காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்குத் தராசு இறந்துபோனார்.

இறப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். சமூகக் கூடத்தின் படிக்கட்டு முதல் மாடிக்குத் திரும்பும் இடத்தில் கைக்குட்டையை விரித்து, தலை சரியாக அதன்மேல் வருகிறதா என்று அளவு பார்த்துப் படுத்தார். மருந்துக்கடைக்காரர் வந்து அவர் மணிக்கட்டில் கறுப்பு அட்டையைக் கட்டினார். நேரத்தை எழுதினார். தெருவின் பேரிடர்க் குழுத் தலைவர் இந்த வருட ஒத்திகையின் முதல் பிணம் ஆனார்.

எல்லாம் சீட்டு செய்த வேலை. யாருக்குக் கால் முறிவு, யாருக்குச் சிராய்ப்பு, யாருக்குச் சாவு என்பதைப் பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். தலைவருக்கு மட்டும் விலக்கு உண்டு என்று விதி இருந்தது. போன மாதம் அந்த விதியின் குறுக்கே கோடு போட்டவர் தராசுதான். "நிலநடுக்கம் என்ன பதவி பார்த்தா வருது?" என்றார். டப்பாவுக்குள் கையை விட்டார். கறுப்பு வந்தது.

முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர்; தராசு என்பது தெரு வைத்த பெயர். கடை கடையாக ஏறி இறங்கிப் படிக்கல்லைச் சரிபார்த்தவர். ஓய்வு பெற்றதும் சரிபார்க்க ஒன்றும் இல்லாமல் கை நமநமத்தது. பேரிடரைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தாறு பக்க விதிப் புத்தகம் முழுக்க அவர் எழுதியது.

போன வருட ஒத்திகைப் போட்டியில் தெரு தோற்றது. செத்துக் கிடந்த சலூன்காரர், செல்போனை எடுத்து, "அப்புறம் கூப்பிடு, இப்ப செத்துட்டேன்" என்று சொன்னதை நகராட்சிப் பார்வையாளர் கேட்டுவிட்டார். முப்பது மதிப்பெண் போயிற்று. பரிசாக வரவேண்டிய ஜெனரேட்டர் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. மின்சாரம் நின்ற நாளெல்லாம் பக்கத்துத் தெரு வேண்டுமென்றே வாசல் விளக்கையும் சேர்த்து எரித்தது. "இந்த வருஷம் செத்தவன் செத்தவனா இருக்கணும்," என்று தராசு கூட்டத்தில் மேசையைத் தட்டினார். இப்போது அவரே கிடந்தார். இனி மலையே புரண்டாலும் அவர் எழுந்திருக்க மாட்டார் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

கீழே கூடத்தில், "உறவினர் தகவல் மேசை" என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். இடுப்பைப் பிடிப்பது, கால் நீளத்தைக் குறைப்பது எல்லாம் உண்டென்றாலும் அதிகம் வருவது ஜிப் மாற்ற. தெருவுக்கு அவள் ஜிப் அக்கா. மேசை சும்மா இருந்ததால், தொண்டர்கள் கையில் மாட்டும் பட்டைகளில் பிரிந்துபோனதைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"அக்கா, ஒரு சாவு."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"டீ குடிச்சாரா?"

"குடிச்சுட்டுத்தான் செத்தார்."

ஒவ்வொரு தொண்டரும் குழுவில் சேரும்போது ஒரு படிவம் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். நான் செத்தால் யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அதில் இருக்கும். உறையை அவரவர் செத்த பிறகுதான் பிரிக்கலாம். படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்த்து மருந்துக்கடைக்காரரிடம் கொடுக்க வேண்டியது தகவல் மேசை. துணைத்தலைவர் என்ற முறையில் அவர் அதை வாங்கிக்கொண்டு மூன்று முறை விசில் ஊதினால் ஒத்திகை முடிந்தது. அதுவரை தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு இருக்கும். தண்ணீர் வால்வு மூடியிருக்கும். லிப்ட் ஓடாது. அடிபட்டவர்கள் எழுந்திருக்கக் கூடாது.

ஜிப் அக்கா உறையைக் கத்தரித்தாள். தன் பெயரைப் படிக்கத் தயாராகத்தான் பிரித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆயிற்று.

முதலில் தெரிவிக்க வேண்டியவர்: லிப்ட் மெக்கானிக், நான்காம் மாடி.
உறவு: லிப்டில் மாட்டிக்கொண்டபோது ஏற்பட்டது.

அவள் முதல் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. முன்பக்கம் கடைசி வரியில் பொடி எழுத்தில், "மனைவிக்கு: இணைப்பு அ-வில் கண்டபடி. இணைப்பு மேற்படியாரிடம் உள்ளது" என்று இருந்தது.

"மேற்படியாரைக் கூப்பிடுங்க," என்றாள்.

லிப்ட் மெக்கானிக்குப் பச்சை அட்டை வந்திருந்தது. சிறு காயம், நடக்கலாம். முதலுதவி பழகும் பெண்கள் நாலு பேர் அவன் ஒரு காதுக்குக் கட்டுப் போட ஆரம்பித்துத் தலை முழுக்கச் சுற்றிவிட்டிருந்தார்கள். முப்பது வயது. ஆள் ஒல்லி. கட்டோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

தகவல் மேசைக்கும் விதி உண்டு. முதலில் தான் யார் என்று சொல்ல வேண்டும். "போயிட்டார்", "நம்மை விட்டுப் பிரிந்தார்" என்றெல்லாம் சுற்றி வளைக்காமல் இறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"நான் தகவல் மேசையிலேருந்து பேசறேன்," என்றாள் ஜிப் அக்கா.

"தெரியும்க்கா. நேத்துதானே எனக்கு ஜிப் வச்சுக் குடுத்தீங்க."

"குறுக்க பேசாத. உங்களுக்கு... உங்களுக்கு லிப்ட் வகையில வேண்டியவர், என் வீட்டுக்காரர், இன்னிக்குக் காலைல ஒன்பது பதினேழுக்கு இறந்துட்டார்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். கட்டு கண்ணுக்கு மேல் சரிந்தது. "எனக்குத் தெரியும் ஒரு நாள் இது வரும்னு," என்றான். குரல் நிஜமாகவே கம்மியது. பிறகு சட்டைப்பையிலிருந்து, "இணைப்பு அ" என்று எழுதிப் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டையை எடுத்தான். "அக்கா, எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

"எதுக்கு?"

"இப்ப நான் உங்களுக்குச் சொல்லணும்."

"நான்தானேடா இப்ப உனக்குச் சொன்னேன்."

"அது மேசை சொன்னது. வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் யாரும் சொல்லலையே."

இருவரும் நாற்காலி மாறினார்கள். தாளில் குறிக்க வந்த நகராட்சிப் பார்வையாளர், இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று தெரியாமல், பேனாவை மூடி ஓரமாக நின்றார்.

மெக்கானிக் அட்டையைப் பார்த்து ஆரம்பித்தான். "அடுப்பு எரியுதா?"

"இது ஹாலுப்பா."

"கேக்கணும்னு இருக்குக்கா."

"எரியல."

"கையில ஊசி இருக்கா? இருந்தா வாங்கி வச்சுரு... வச்சுருங்க."

ஜிப் அக்கா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் ஊசி இருந்தது. நூலோடு எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"முதுகு சாயறமாதிரி நாற்காலி. இருக்கு. வெளிச்சம் கண்ணுல படாம உக்காரணும். கொஞ்சம் தள்ளிக்குங்க. போதும்." அட்டையைக் கீழே வைத்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்து, தணிந்த குரலில், அவசரப்படாமல் சொன்னான். "அக்கா. சார் இறந்துட்டார். வலி இல்ல. கடைசியா உங்களைத்தான் கேட்டார்."

நன்றாகத்தான் சொன்னான். அவள் கை தானாக மேசைமேல் ஊசியைத் தேடியது. ஒத்திகை என்று தெரியும். மாடிப்படியில் மனிதர் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார் என்றும் தெரியும்.

"சரி," என்றாள். மேசைமேல் கலைந்திருந்த படிவங்களைச் சேர்த்து முனை தட்டி அடுக்கினாள்.

மெக்கானிக் வாயைப் பிளந்தான். "அப்படியே பண்றீங்களேக்கா!"

"எப்படியே?"

"சார் பண்ற மாதிரியே. அட, அந்த 'சரி' கூட அதே 'சரி'."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லிப்டுக்கு எண்ணெய் போட்டு முடித்ததும் தராசு அவனை மொட்டை மாடிக்குக் கூப்பிடுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருவரும் ஒத்திகை பார்ப்பார்கள். மெக்கானிக் வந்து செய்தி சொல்ல வேண்டும். தராசு தன் மனைவியாக இருப்பார்.

"நானாவா?"

"நீங்களாத்தான்க்கா. நல்லாப் பண்ணுவார். ஒரு தோளத் தூக்கிட்டு ஊசில நூல் கோப்பீங்கள்ல, அதெல்லாம் பண்ணுவார்."

"செய்தியக் கேட்டதும் என்ன பண்ணுவார்?"

"'சரி'ம்பார். அப்புறம் துணி மடிப்பார்."

"எந்தத் துணிய?"

"துணி இல்லாமலேதான். வெறும் கையால. இப்படி. நாலு மடிப்பு."

"எத்தனை தடவை பண்ணுனீங்க?"

"பதினோரு தடவை."

"பதினோரு தடவையும் மடிச்சாரா?"

மெக்கானிக் தயங்கினான். "நானே கேட்டேன்க்கா. சார், ஒரே ஒரு தடவை அழுங்க, எனக்கும் தேத்திப் பழகுன மாதிரி இருக்கும்னேன். 'அவ அந்த ரகம் இல்லப்பா'ன்னுட்டார்."

ஜிப் அக்கா அடுக்கிய படிவங்களைத் தள்ளி வைத்தாள்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன அன்று அவள் கடையைச் சீக்கிரம் திறந்தாள். தையல் மெஷினில் ஒரு பழைய திரைச்சீலையைக் கொடுத்து, ஓட்டம் நிற்காமல் மிதித்துக்கொண்டே ஒரு மணி நேரம் அழுதாள். மெஷின் சத்தத்தில் தெருவுக்குக் கேட்கவில்லை. அம்மா செத்தபோதும் அப்படித்தான். அந்த வாரம் பதினாலு திரைச்சீலை தைத்து முடித்தாள். எல்லாம் ஒரே நேர்க்கோடு. வீட்டுக்கு வந்து துணி மடித்தாள். அதை அவர் பார்த்திருக்கிறார். அதை மட்டும் பார்த்திருக்கிறார்.

மெக்கானிக் படிவத்தின் கடைசித் தாளை அவள் பக்கம் நகர்த்தினான். "கையெழுத்துக்கா. இதோட முடிஞ்சது."

செய்தி பெற்றவரின் நிலை என்று ஒரு வரி. அதன் கீழே மூன்று கட்டங்கள். அமைதி. கலக்கம். உதவி தேவை. முதல் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. பச்சை மை. ஆய்வாளராக இருந்த காலத்திலிருந்து தராசு பச்சை மையில்தான் டிக் போடுவார்.

"இது யாரு போட்டது?"

"சார்தான். நமக்கு வேலை மிச்சம்னு முன்னாடியே போட்டு வச்சுட்டார்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நான் போட மாட்டேன்."

மணி பத்தேகால். செய்தி தெருவுக்குப் பரவியது. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, ஒரு கையெழுத்துதானே."

"அதுல இருக்கறது நான் இல்ல."

"நீங்க அமைதியாத்தானே இருக்கீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

அதை அவளால் விளக்க முடியவில்லை. "அடிச்சுட்டு வேற கட்டத்துல போட்டுக்கறேன்," என்றாள்.

மருந்துக்கடைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் தொங்கிப்போனது. உறைப் படிவத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே விண்ணப்பதாரர் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பதாரர் ஒன்பது பதினேழுக்கு இறந்துவிட்டார்.

"எழுப்பி வாங்கிட்டு மறுபடி படுக்க வச்சுரலாமா?" என்று மெக்கானிக் கேட்டான்.

"முப்பது மார்க்," என்றார் பார்வையாளர். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அது. பிறகு அவருக்கே இரக்கமாக இருந்திருக்க வேண்டும். தன் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "ரெண்டு சாட்சி நேர்ல பாத்தா திருத்தலாம். அந்தம்மா கலங்குறத ரெண்டு பேர் கண்ணால பாக்கணும். நான் ஒரு சாட்சி. இன்னொருத்தர் வேணும்."

தெரு முழுக்கச் சாட்சிக்கு வந்தது. அடிபட்டவர்கள் நடக்கக் கூடாது என்பதால் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். கால் முறிந்த பேக்கரிக்காரம்மாவை ஆறு பேர் தூக்கி வந்து மேசைக்கு முன்னால் இறக்கினார்கள். எல்லோரும் ஜிப் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ம், ஆரம்பிங்கக்கா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அழ வேண்டும் என்று அவளும்தான் பார்த்தாள். அம்மாவை நினைத்தாள். பஸ் ஜன்னலில் தெரிந்த மகளின் கையை நினைத்தாள். கண் இரண்டும் இஸ்திரி போட்டமாதிரி காய்ந்திருந்தன. கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளுக்கு இடைஞ்சல்.

"ஏதாவது சோகமா நெனச்சுப் பாருங்களேன்."

"நெனச்சுட்டுத்தான் இருக்கேன்."

"ஏ தாயி," என்று பேக்கரிக்காரம்மா ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கினாள். "நாலு மணிக்குப் பிசைஞ்ச மாவு. இந்நேரம் பொங்கி, தொட்டியத் தாண்டி, கதவைத் தெறந்துட்டு வெளிய வந்திருக்கும். அதை நெனச்சு அழு. நான் அழல?"

"உங்க மாவுக்கு நான் எப்படிக்கா அழுறது?"

"அப்ப உன் புருஷனுக்கு அழு!"

"அவர்தான் உயிரோட இருக்காரே!"

"செத்துட்டார்," என்று திருத்தினார் பார்வையாளர்.

மருந்துக்கடைக்காரர் முதலுதவிப் பெட்டியிலிருந்து கண் சொட்டு மருந்தை எடுத்தார். மருந்தால் வருவது செல்லாது என்றார் பார்வையாளர். முதலுதவி பழகும் பெண்களில் ஒருத்தி வெங்காயம் எடுத்து வரட்டுமா என்றாள். அதுவும் செல்லாது. சலூன்காரர் முன்னால் வந்து, தன் நாய் காணாமல்போன கதையைச் சொன்னார். பாதிக் கதையில் அவரே நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். மெக்கானிக் அழுதான். கட்டின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்த்துப் பேக்கரிக்காரம்மா அழுதாள். தலைப்பக்கம் தூக்கி வந்தவரும் அழுதார். கூடத்தில் கண் காய்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். பார்வையாளரும் ஜிப் அக்காவும்.

"விட்டுருங்கக்கா," என்றார் மருந்துக்கடைக்காரர். கைக்குட்டையைத் தேடிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு வரல. அதுல தப்பில்ல. சார் சரியாத்தான் எழுதியிருக்கார். தண்ணி இல்லாம மூணாம் மாடில ஒருத்தர் சோப்பு நுரையோட நின்னுட்டு இருக்கார்."

சார் சரியாத்தான் எழுதியிருக்கார். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள். படிவத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

"எழுப்பக் கூடாது," என்று பார்வையாளர் பின்னாலேயே வந்தார். "தொடக் கூடாது."

"தொடல."

"பேசலாம். உறவினர் பேசலாம். அவர் பேசினா முப்பது மார்க்."

தராசு படிக்கட்டுத் திருப்பத்தில் நேர்க்கோடு போட்டமாதிரி கிடந்தார். கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. ஓர் எறும்பு அவர் தாடையிலிருந்து புறப்பட்டு மூக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. மூச்சைக்கூடச் சட்டை தூக்காத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். இப்படி ஒரு பிணத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பார்வையாளர் முணுமுணுத்தார்.

ஜிப் அக்கா மேல்படியில் உட்கார்ந்தாள். கீழே படிக்கட்டு முழுக்க ஆட்கள் ஏறி வந்து நின்றார்கள். யாரோ பேக்கரிக்காரம்மாவின் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துப் பிடித்து அவளுக்கும் தெரியும்படி செய்தார்கள்.

"என்னங்க," என்றாள் அவள்.

எறும்பு மூக்கின் ஓரத்தில் நின்று யோசித்தது.

"மெக்கானிக் தம்பி நல்லாச் சொல்லிச்சு. ஊசிய வாங்கி வச்சுது. அடுப்பைக் கேட்டுச்சு. அதுல ஒரு குறையும் இல்ல."

பார்வையாளர் குனிந்து தராசின் இமைகளைக் கவனித்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"பதினோரு தடவை மொட்டை மாடில நானா நின்னீங்களாமே. ஒரு மாடி எறங்குனா நான் இருக்கேன். என்னக் கூப்பிட்டு ஒரு தடவை நிக்க வச்சிருக்கலாம். துணிய மட்டும் பாத்துட்டுப் போயி, மை ஊறற வரைக்கும் அழுத்தி டிக் போட்டு வச்சிருக்கீங்க. எடைக்கல்லக்கூட நீங்க ரெண்டு தடவை தூக்கிப் பாப்பீங்க."

கீழே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ உஸ் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் விசிலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் படிவத்தைத் தராசின் மூடிய கண்களுக்கு நேராக, அவர் படிக்கிற தூரத்தில் பிடித்தாள். பச்சை டிக் அவர் பக்கம் இருந்தது.

"நான் அழ மாட்டேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"